பத்தொன்பது வீட்டுக் குணசிங்கம்

குணசிங்கம் லண்டனுக்குக் குடிபெயர்ந்து இருபத்தாறு மாதங்கள் ஆகியிருந்தன. இந்தச் செய்தியை அவர் ஒஸ்லோவில், ஆக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் வீதி மருத்துவ நிலையத்தில், இடது காற்சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

"லண்டனிலை நான் என்ன செய்யிறனாம், பிள்ளை?"

நிலானி கணினித் திரையை இன்னொரு தடவை வாசித்தாள். "மகளோடை இருக்கிறீங்களாம், அங்கிள்."

"எனக்கு மகள் இல்லை."

"தெரியும். ஆனா இதிலை அப்பிடித்தான் கிடக்கு."

குணசிங்கம் சற்று யோசித்தார். "நல்ல பிள்ளையோ?" என்று கேட்டார்.

நிலானிக்கு இருபத்தொன்பது வயது. ஒஸ்லோவிலேயே பிறந்தவள், தாய் தகப்பன் திருகோணமலை. வீதியில் படுப்பவர்களின் அரசாங்க மருத்துவக் காப்பு கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது அவளுடைய உத்தியோகம். நிலையத்து வைத்தியர் புண்ணைப் பார்ப்பார். அந்தப் புண்ணுக்குரியவர் இந்த நாட்டில்தான் இருக்கிறாரா என்பதை நிலானி பார்ப்பாள். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் வைத்தியரே இவள் பக்கம் கையைக் காட்டுவார்.

குணசிங்கத்துக்கு அறுபத்தொரு வயது. வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் தொடங்கி, ஒஸ்லோவில் பள்ளிக்கூடங்கள் கூட்டித் துடைத்து, முதுகு போய், அறை போய், கடந்த இரண்டரை வருடமாக இரவுத் தங்குமிடம், தேவாலய மண்டபம், கடைசி ரயில், முதல் ரயில் என்று படுத்தெழும்பிக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. மத்திய ரயில் நிலையத்தில் ஒரு பெட்டகம் வைத்திருந்தார். அதற்குள் ஒரு வெள்ளைச் சேட்டு, ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு கழுத்துப்பட்டி. அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றால் மாநகரசபையே இவருடைய வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

இப்போது பிரச்சினை இடது காலின் இரண்டு விரல்கள். சீனி வியாதியில் அவை கறுத்துக்கொண்டு வந்தன. இரத்தக் குழாயைத் திறந்துவிட்டால் பிழைக்கும் என்று ஆசுப்பத்திரி சொல்லி, யூன் பதினான்கு வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்துவிட்டது. குறித்த பிறகுதான் ஆசுப்பத்திரிக் கணினி இவர் லண்டன்காரர் என்பதைக் கண்டுபிடித்தது. பதினான்காம் திகதிக்கு முன் பதிவு சரிவராவிட்டால் அந்த நாள் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அப்ப விரல்?" என்றார் குணசிங்கம்.

"விரலை வெட்டுறதெண்டால் அது அவசர சிகிச்சை, அங்கிள். அதுக்குக் காப்பு வேண்டாம், ஆருக்கும் செய்வினம். விரலைக் காப்பாத்துறதுதான் முன்கூட்டியே திட்டம் போட்ட சிகிச்சை. அதுக்குக் காப்பு வேணும்."

"வெட்டுறதுக்கு ஒரு தடையும் இல்லை?"

"ஒரு தடையும் இல்லை."

"பெரிய மனசுதான்," என்றார் குணசிங்கம். சப்பாத்தை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். "மிச்சம் எட்டு இருக்குத்தானே பிள்ளை. நீ ஏன் யோசிக்கிறாய்?"

நிலானி யோசித்தாள். அது அவளுடைய உத்தியோகம்.

லண்டன் மகளைப் பெற்றெடுத்தவர் சற்குணம் என்பது இரண்டு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிட்டது. ரொம்மனில் அவருடைய வீட்டுக் கீழ்த்தளத்து அறையில்தான் குணசிங்கம் கடைசியாக வாடகைக்கு இருந்தார். சற்குணம் அந்த வீட்டை விற்றுவிட்டு லோறென்ஸ்கூக்கில் இரண்டு கார் நிற்கும் கராச்சோடு ஒரு வீடு வாங்கிப் போனபோது, குணசிங்கத்தைக் கீழ்த்தளத்தோடு சேர்த்து விற்க முடியவில்லை. அவரை வெளியில் விடவேண்டியதாயிற்று. பிறகு நாட்டில் யார் எங்கே குடியிருக்கிறார் என்று பதியும் பதிவுக் கந்தோரின் கடிதங்கள் திரும்பிப் போக, கந்தோர் சற்குணத்துக்கு அழைத்து ஆள் எங்கே என்று கேட்டது.

"நான் என்ன பிள்ளை சொல்லுறது?" என்றார் சற்குணம், தன் புதிய கராச்சு வாசலில் நின்றுகொண்டு. "எங்கடை ஆள் ஒருத்தர் ரோட்டிலை நிக்கிறார் எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறதோ? எங்கடை சனத்திலை அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ அவங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறாங்கள். ஏன் கெடுப்பான் எண்டு, லண்டனுக்கு மகளிட்டைப் போட்டார் எண்டு சொன்னனான்."

"ஏன் லண்டன்?"

"கனடா எண்டால் விசாவைப் பற்றிக் கேப்பினம்."

"அங்கிள், இப்ப ஃபோன் எடுத்து, அவர் போகேல்லையெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

சற்குணத்தின் முகம் வாடிவிட்டது. "நான் பொய் சொன்னனான் எண்டோ? இந்த நாட்டிலை முப்பது வரியமா ஒரு பேர் வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் லண்டனிலையிருந்து திரும்பி வந்திட்டார் எண்டு சொல்லட்டோ? மகளோடை கொழுவல் எண்டு?"

திரும்பி வந்தவர் என்றால் புதிதாக வந்தவர் கணக்கு. விண்ணப்பம், நேர்முகம், மாதக்கணக்கில் காத்திருப்பு. விரல்கள் அவ்வளவு காலம் பொறுக்காது. மகளைப் பற்றி இனி ஒருவரிடமும் எதுவும் சொல்லவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு நிலானி பஸ் ஏறினாள்.

பதிவுக் கந்தோரில் குணசிங்கத்தின் கோப்பு ஒட்வார் என்பவரிடம் இருந்தது. ஐம்பது வயது. நல்ல மனிதர். எவரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒரு படிவமாவது கொடுத்துத்தான் அனுப்புவார்.

"அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?" என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"நாட்டைவிட்டுப் போகாதவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்?" என்றாள் நிலானி.

"போகாதவர்களிடம் நாங்கள் ஆதாரம் கேட்பதில்லை."

"இவரும் போகவில்லை."

"அதற்குத்தான் ஆதாரம் கேட்கிறேன்," என்றார் ஒட்வார் மிகவும் அன்பாக. வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு, மின்சாரப் பட்டியல், இவற்றில் எதுவும் போதும். மின்சாரப் பட்டியல் வைத்திருக்கும் வீடற்றவரை நிலானி தன் உத்தியோக காலத்தில் இன்னும் சந்திக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா சிவகாமி, மகன் ஆரணனின் கல்யாண வீடியோவை வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஓடும் வீடியோ. எங்கள் கல்யாண வீடியோக்களில் தாலி கட்டுவது இரண்டு நிமிடம். சாப்பாட்டு மேசை ஒரு மணித்தியாலம். கமரா ஒவ்வொரு மேசையாகப் போகும். வாயில் சோறோடு எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதற்கு வருங்காலச் சந்ததிக்கு அதுதான் சாட்சி.

பதினேழாவது மேசையில், வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கோட்டுமாக, வாழைக்காய்ப் பொரியலை நிதானமாக மென்றுகொண்டு, கமராவுக்குத் தலையசைத்தார் குணசிங்கம்.

நிலானி எழும்பி நின்றுவிட்டாள். "அம்மா, இது ஆர்?"

"அது தனுசியாவின்ரை பெரியப்பா," என்றார் சிவகாமி. தனுசியா அவருடைய மருமகள். "நல்ல மரியாதையான மனிசன். ரெண்டு தரம் பாயாசம் வேண்டினவர்."

தனுசியாவின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். "அவரோ? அவர் உங்கடை பகுதி மாமாவெல்லோ?" என்றது மறுமுனை. "நாங்கள் எழும்பி நிண்டெல்லோ கும்பிட்டனாங்கள்."

அடுத்த அழைப்பு வீடியோ எடுத்த சிந்துஜனுக்கு. ஒஸ்லோவிலிருந்து திராமன் வரை தமிழரின் கல்யாணம், பெண்பிள்ளை பெரியபிள்ளையாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவாக இருந்தாலும் சிந்துஜனின் கமராதான். "பதினேழாம் மேசைக்காரரோ? அக்கா, அவர் என்ரை எல்லா வீடியோவிலையும் இருக்கிறார். அவரின்ரை வெள்ளைச் சேட்டை வைச்சுத்தான் நான் கமராவிலை நிறம் சரி பாக்கிறனான். அவர் வராட்டி எல்லாரும் மஞ்சளாத்தான் தெரிவினம்."

இருபத்தாறு மாதத்தில் நாற்பத்தொரு விசேஷம். ஒவ்வொரு வீடியோவின் மூலையிலும் திகதி. இதைவிட ஒழுங்கான ஆதாரத்தை இந்த நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர்களே காட்டமாட்டார்கள்.

குணசிங்கத்திடம் இதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. மருத்துவ நிலையத்தின் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வீடியோவைக் குடு. ஆனா ஒண்டு. எனக்கு வீடில்லையெண்டு ஒருத்தருக்கும் தெரியப்படாது."

"அங்கிள், வீடில்லாதது குற்றமில்லை."

"குற்றமெண்டால் பரவாயில்லையே, தண்டனை முடிஞ்சு வெளியிலை வரலாம். விளங்கிக்கொள் பிள்ளை. சனி ஞாயிறிலை நான் ஆரோ ஒருத்தற்றை பெரியப்பா. கிழமை நாளிலைதான் வீடில்லாத ஆள். உண்மை தெரிஞ்சால் ஏழு நாளும் வீடில்லாத ஆளாப் போடுவன்."

"விரல் போகுமே?"

"விரல் போனால் சப்பாத்துக்குள்ளை ஆருக்குத் தெரியும்?"

இதற்கு நிலானியிடம் அப்போது பதில் இருக்கவில்லை. பதிவில் ஒரு சின்னப் பிழை, அதைத் திருத்தத்தான் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள்.

ஒட்வார் நாற்பத்தொரு வீடியோவையும் ஒரு கிழமை இருந்து பார்த்தார். பார்த்து முடித்தபோது அவருக்கு மணவறைக்கும் ஆலாத்திக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது. "மிகவும் உறுதியான ஆதாரம்," என்றார். "ஆனால் ஒரு சந்தேகம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை இவரைக் காணவில்லை. அந்த நேரத்தில் லண்டனுக்குப் போகிறாரா?"

"அது மார்கழி," என்றாள் நிலானி. "மார்கழியில் நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை."

"யாருமேயா?"

"யாருமே."

ஒட்வார் கொஞ்சநேரம் பேனையைக் கடித்துவிட்டு, 'வானியல் காரணங்கள்' என்று எழுதிக்கொண்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவம் எடுத்தார். வீடியோவில் இருப்பவர் இவர்தான் என்று விசேஷம் வைத்தவர்கள் உறுதிப்படுத்தவேண்டுமாம். அவரவர் தங்கள் மின்னடையாளத்தால் கையெழுத்திட்டு நேரடியாகக் கந்தோருக்கு அனுப்பினால் போதும். அதில் மூன்றே மூன்று கேள்வி. இவரைத் தெரியுமா? என்ன உறவு? மேற்படி காலத்தில் இவர் எங்கே வசித்தார் என்பது தெரியுமா?

மூன்றாவது கேள்வியில் ஒரு விபத்து ஒளிந்திருக்கிறது என்பதை நிலானி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

லோறென்ஸ்கூக்கில் சிவநாயகி ஆன்ரியின் வீட்டில் தேத்தண்ணியும் உறைப்பு முறுக்கும் வந்தன. இரண்டு மகள்மாருக்கும் ஒரே நாளில் சாமத்தியவீடு வைத்து எழுநூறு பேரைக் கூப்பிட்டவர். படிவத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"இவரை எங்களுக்குத் தெரியாது எண்டு எழுதினால்?"

"தெரியாதெண்டால் தெரியாதெண்டு எழுதலாம், ஆன்ரி. வந்தவர் எண்டு எழுதினால் சரி."

"ஆரெண்டு தெரியாத ஒராளை முன்வரிசையிலை இருத்திச் சோறு போட்டனாங்கள் எண்டு கவுண்மேந்துக்கு எழுதிக் குடுக்கிறதோ? விசர்க்கதை கதையாதை பிள்ளை. நீ போ. நாங்கள் வடிவா நிரப்பி அனுப்புறம்."

"வடிவாத் தேவையில்லை ஆன்ரி, உண்மையாக் காணும்."

"ரெண்டும் ஒண்டுதான்," என்று சொல்லி ஒரு பையில் முறுக்குக் கட்டிக் கொடுத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கள் சனம் முழு மனிதரை மறைக்கும். லோறென்ஸ்கூக், ரொம்மன், திராமன் என்று நிலானி ஏறி இறங்கிய வீடுகளில் பத்தொன்பது வீட்டார் படிவம் அனுப்பினார்கள். ஒருவரை ஒருவர் கலந்து பேசவில்லை. ஆனாலும் பத்தொன்பது பேரும் ஒரே குருவிடம் படித்த மாணவர்கள்போல ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்.

யூன் பத்தாம் திகதி, திங்கட்கிழமை, ஒட்வார் அழைத்தார். "நல்ல செய்தி. இவர் நாட்டில்தான் இருந்தார் என்பது நிரூபணமாகிவிட்டது."

"நன்றி!"

"ஆனால் பத்தொன்பது வீட்டில் இருந்திருக்கிறார்."

நிலானி கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என்ன உறவு என்ற இடத்தில் ஒன்பது பேர் பெரியப்பா, ஆறு பேர் மாமா, நான்கு பேர் 'நெருங்கிய குடும்பம்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே வசித்தார் என்ற இடத்தில் எல்லாருமே 'எங்களோடுதான்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே திங்கள் இரவில் இவர் திராமனில் இரண்டு வீட்டிலும், ரொம்மனில் நான்கு வீட்டிலும், லோறென்ஸ்கூக்கில் பதின்மூன்று வீட்டிலும் படுத்திருக்கிறார். இவருக்குச் சொந்தமாகக் கார் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் பேருந்துச் சேவை நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது." ஒட்வார் பகிடி விடுகிறாரா என்பதைக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. "கணினி ஒரு விலாசத்தைத்தான் ஏற்கும். பதினெட்டு வீட்டார் எழுதியதை மீளப்பெற வேண்டும். அல்லது பத்தொன்பது பேருமே மீளப்பெற்றால், நிலையான இருப்பிடம் இல்லாதவர் என்று பதியலாம். அதற்கும் காப்பு உண்டு, குடும்ப வைத்தியரும் உண்டு. எப்படியும் புதனுக்குள் முடியவேண்டும்."

அன்று மத்தியானமே கந்தோர்க் கடிதங்கள் வீடுகளின் மின்னஞ்சல் பெட்டிகளில் விழத் தொடங்கின. 'தங்கள் இல்லத்தில் வசிக்கும் மேற்படி நபர் தொடர்பாக...' முதலில் அழைத்தவர் ரொம்மனில் தனியே இருக்கும் உதயகுமாரி. கணவர் இறந்து ஆறு வருடம். பேரனின் பிறந்தநாளைப் பெரிதாக வைத்தவர்.

"பிள்ளை, இந்தாள் என்னோடை சேர்ந்து வாழுற துணையோ எண்டு கேட்டுக் கடிதம் வந்திருக்கு. எனக்கு அறுபத்துமூண்டு வயசு. மகள் கடிதத்தை வாசிச்சிட்டு என்னோடை கதைக்கிறாள் இல்லை."

"ஆன்ரி, நீங்கள்தானே உங்களோடை இருக்கிறார் எண்டு எழுதினீங்கள்?"

"ஒரு மரியாதைக்கு எழுதினது! சாப்பிட வந்த மனிசனை ரோட்டிலையோ இருக்கிறார் எண்டு எழுதிறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆள் ஆரெண்டாவது காட்டன், பார்ப்பம்."

நிலானி பதினேழாம் மேசைப் படத்தை அனுப்பினாள். இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: 'ஆள் பிழையில்லை. ஆனா சட்டப்படி வேண்டாம்.'

"அப்ப அதை மீள எடுங்கோ, ஆன்ரி," என்று அழைத்துச் சொன்னாள்.

"சிவநாயகி ஆக்கள் எடுத்திட்டினமோ?"

"இன்னும் இல்லை."

"அவை எடுக்காமல் நான் எடுத்தால், உதயகுமாரி மனிசனைத் துரத்திப்போட்டாள் எண்டு கதை வரும். அவை எடுக்கட்டும்."

சிவநாயகி ஆன்ரி, உதயகுமாரி எடுத்தால் எடுப்பதாகச் சொன்னார். திராமன்காரர், லோறென்ஸ்கூக் எடுத்தால் எடுப்பார்கள். நிலானியின் அம்மாவே, சம்பந்தி வீட்டார் எடுக்கும் வரை அசையமாட்டேன் என்றார். செவ்வாய்க்கிழமை பின்னேரமாகியும் ஒருவரும் எடுக்கவில்லை. யாருடைய வீட்டிலும் இல்லாத ஒருவரை, முதலில் வெளியேற்றியவர் என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

புதன் காலை நிலானி குணசிங்கத்தைப் பதிவுக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். காவலாளி எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஒட்வாரின் மேசையில் ஒரு வரைபடம். அதில் பத்தொன்பது ஊசிகள். குணசிங்கத்தைக் கண்டதும் ஒட்வார் எழுந்து நின்றார். நாற்பத்தொரு விழாவில் பார்த்துப் பழகிய முகம். "ஒரே ஒரு வழி இருக்கிறது," என்றார். "சம்பந்தப்பட்டவரின் சொந்த வாக்குமூலம் மற்றவர்களின் வாக்குமூலத்துக்கு மேலானது. நீங்களே சொன்னால் நான் எழுதிக்கொள்வேன். நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?"

"நண்பர் ஒருவர் வீட்டில்," என்றார் குணசிங்கம் பிசகில்லாத நோர்வே மொழியில்.

ஒட்வாருக்கு மகிழ்ச்சி. "இந்தப் பத்தொன்பதில் எந்த ஊசி?"

குணசிங்கம் வரைபடத்தை ஒரு காணி வாங்க வந்தவர்போலப் பார்த்தார்.

"அங்கிள்," என்று நிலானி தமிழுக்கு மாறினாள். "நாளையிண்டைக்கு வெள்ளி."

"தெரியும்."

"இவரிட்டைச் சொன்னால் இவருக்குத்தானே தெரியும்?"

"பொய் சொல்லாதை பிள்ளை. இவர் எழுதுவார். எழுதினால் பத்தொன்பது வீட்டுக்கும் கடிதம் போகும். கடிதம் போனால் சனிக்கிழமை மண்டப வாசலிலை என்னை ஒரு மாதிரிப் பாப்பினம். நான் சொன்னனான்தானே. விரல் போனால் ஒருத்தருக்கும் தெரியாது."

நிலானிக்கு மூன்று கிழமையாகக் கிடைக்காத பதில் அப்போது கிடைத்தது.

"மண்டபத்திலை தெரியாது, அங்கிள். கோயில் கலியாணத்திலை?"

குணசிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை விடமாட்டினம். சப்பாத்தில்லாமல் நடந்தால் நொண்டுறது தெரியும். நொண்டினால் ஏனெண்டு கேப்பினம். எங்கடை சனம் விடுமோ? எந்த ஆசுப்பத்திரி, எந்த வைத்தியர், ஏன் முந்தியே காட்டேல்லை, வீட்டிலை ஒருத்தரும் பாக்கேல்லையோ, எந்த வீடு. கடைசியா இதே கேள்வியிலைதான் வந்து நிக்கும்."

குணசிங்கம் தன் இடது சப்பாத்தை நெடுநேரம் பார்த்தார். ஒட்வாரும், என்னவென்று விளங்காவிட்டாலும், மரியாதைக்காக அதையே பார்த்தார்.

"ஆவணியிலை மூண்டு கோயில் கலியாணம் இருக்கு," என்று குணசிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் சொற்களை எந்த மொழியிலும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆகையால் முதலில் ஊசிகளுக்குத்தான் மரியாதை செய்தார்.

"பத்தொன்பதும் நல்ல வீடுகள்," என்றார் நோர்வே மொழியில். "ஒன்றிலும் நான் படுத்ததில்லை. எனக்கு வீடு இல்லை."

ஒட்வார் கணினிப் படிவத்தில் ஒரு பெட்டியில் குறியிட்டார். இன்னொன்றில் குறியிட்டார். கடைசியாக ஒரு விசையை அமத்திவிட்டு எழுந்து, மேசைக்கு மேலால் கையை நீட்டினார்.

"வாழ்த்துக்கள்," என்றார் மனப்பூர்வமாக. "நீங்கள் வீடற்றவர்."

குணசிங்கம் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

விரல்கள் பிழைத்தன. வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விரல்கள் நாவற்பழ நிறத்திலிருந்து ஏதோ ஒரு மனித நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. அதே ஞாயிறு, இவருக்கு வீடில்லை என்ற கந்தோர்க் கடிதம் கிடைத்த பத்தொன்பது வீட்டாரும் பார்வையாளர் நேரத்தில் ஆசுப்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள். குணசிங்கம் எதிர்பார்த்ததுபோல ஒருவரும் அவரை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர்தான் அப்படிப் பார்த்தார்கள். ஏனென்றால் ஒவ்வொரு வீட்டாரும் மற்றப் பதினெட்டு வீட்டில் ஒன்றுதான் இந்த அருமையான மனிதரை வெளியில் விட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

"எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் பாத்திருக்கமாட்டமோ?" என்றார் சிவநாயகி, உதயகுமாரியைப் பார்த்தபடி.

"ஆரோ மனச்சாட்சி இல்லாத ஆக்கள்," என்றார் உதயகுமாரி, சிவநாயகியைப் பார்த்தபடி.

அவர்களோடு வந்திருந்த சற்குணம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டிலைச் சுற்றிச் சோற்றுப் பெட்டிகள், புட்டுப் பெட்டிகள், ஒடியல் கூழ் ஒரு போத்தலில். அப்போதுதான் தாதி உள்ளே வந்து, கூட்டத்தைக் கண்டு மலர்ந்து போனார்.

"எவ்வளவு பெரிய குடும்பம்! நாளைக்கு இவரை விடலாம். பத்து நாள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓய்வாக இருக்க வேண்டும். யாருடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?"

இவ்வளவு அமைதியை அந்த ஆசுப்பத்திரி பிரேத அறையில்கூடக் கண்டிருக்காது.

"எங்கடை வீட்டிலை படி கூட," என்றார் சற்குணம் கடைசியில்.

"எங்களுக்குக் குசினி திருத்த வேலை நடக்குது."

"சின்னவளுக்குச் சோதனை."

"பூனை," என்றார் திராமன்காரர். வேறு விளக்கம் கொடுக்கவில்லை.

உதயகுமாரி வாயைத் திறந்தார். மகள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நிலானி தன் அம்மாவைப் பார்த்தாள். சிவகாமி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி யன்னலைப் பார்த்தார்.

தாதி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஓ, மன்னிக்கவும். இவருக்கு நிலையான இருப்பிடம் இல்லை என்றல்லவா இருக்கிறது! அப்படியென்றால் உங்களுக்குக் கவலை வேண்டாம். மாநகரசபையின் பராமரிப்பு இல்லத்தில் அறை கொடுப்பார்கள். வீடு இருக்கிறவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்."

பத்தொன்பது வீட்டாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். யன்னல் திரை ஒருக்கால் ஆடி நின்றது. பிறகு எல்லாரும் குணசிங்கத்தின் கையைப் பிடித்து, ஏதும் தேவையென்றால் யோசிக்காமல் சொல்லவேண்டும் என்று சொல்லி, சோற்றுப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

நிலானி மட்டும் நின்றாள். "கோவமோ, அங்கிள்?"

"என்னத்துக்கு? அறையிலை தனி ரொய்லெட் இருக்காம்." குணசிங்கம் போர்வையை விலக்கி, கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரலையும் மெல்ல ஆட்டிப் பார்த்தார். ஆடின. "பிள்ளை, வைத்தியரிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லு. இருபத்தொன்பதாம் திகதி சப்பாத்துப் போடலாமோ? திராமனிலை ஒரு சாமத்தியவீடு."

"ஆரின்ரை?"

"எனக்கென்னெண்டு தெரியும்? அங்கை போய்த்தானே பாக்கோணும்."

"அங்கிள், இப்ப எல்லாருக்கும் விசயம் தெரியும்."

"அதுதானே நல்லது," என்றார் குணசிங்கம், மேலே இருந்த பெட்டியைத் திறந்து உள்ளே என்ன கறி என்று மணந்து பார்த்தபடி. "முந்தியெண்டால் வாசலிலை நிண்டு, ஆரின்ரை பகுதி, எந்த ஊர் எண்டு அரை மணித்தியாலம் கதைவிட்டுத்தான் உள்ளை போகவேணும். இனி நேரை மேசைக்குப் போகலாம்."